குளிர்ச்சி மாவு

“கையைக் காட்டுடி, எல்லாரும் பார்க்கட்டும்!”

அமலம்மாள் மகளின் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். கேத்தரின் வெட்கத்தோடு கையை நீட்டினாள். அந்தக் கறுத்த கையில் ஒரு வெற்றிலை அகலத்துக்கு நிறம் வெளுத்திருந்தது.

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற பெண்கள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். சீனப் புத்தாண்டு முடிந்து பினாங்கில் ரிக்‌ஷாக்காரர்கள்கூட நிழல் தேடி ஒதுங்குகிற வெயில். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆண்களை விடுங்கள், பசாருக்குப் போய் மீன் வாங்கிவரும் பெண்களே கரிக்கட்டையாகத்தான் வீடு திரும்புவார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் அமலம்மாள் கூடையோடு கடை விரித்திருந்தாள்.

“பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ஆயிஷா சொல்லிக்கொடுத்த பெடாக் சேஜுக் லா இது! அரிசியை ஊறப்போட்டு, புளிக்கவச்சு, அரைச்சு, சொட்டுச் சொட்டா காயவச்ச மாவு. தண்ணியில குழைச்சுப் பூசிக்கிட்டு வெளிய போங்க. வெயில் கிட்டயே வராது.”

“பூசினா வெளுக்குமா அக்கா?” என்றாள் அன்னமேரி. எதையும் லேசில் நம்பாதவள்.

“கண்ணு முன்னால காட்டுறேன், அப்புறம் என்னடி கேள்வி? முதல்ல இந்த இடந்தான் தெளிஞ்சிருக்கு. மத்தது போகப்போக வரும்.”

அவள் பேச்சில் வியாபாரம் பாதி, நிஜமான சந்தோஷம் பாதி. பெண் கறுப்பு என்று போன வருடம் வாசலோடு திரும்பிப் போன பாக்கியசாமி வீட்டார், அடுத்த ஞாயிறு மறுபடியும் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். தகப்பன் இல்லாத பெண். இந்தச் சம்பந்தமாவது கூடிவர வேண்டும் என்று அமலம்மாள் மாதாவிடம் அழாத நாளில்லை.

“எனக்கும் ஒரு கட்டு கொடுங்க அக்கா,” என்று லாரன்ஸ் முன்னால் வந்தான். ஆசுபத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர். ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்து சில வாரந்தான் ஆகிறது. “தினம் படகுல வேலைக்குப் போய்ட்டு வர்றேன். வெயில் மூஞ்சியை உரிச்சிடுது.”

“ஆம்பளையும் பூச ஆரம்பிச்சாச்சு லா!” என்று அன்னமேரி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்கடி. தம்பி, இதோட குளிர்ச்சிக்குச் சாட்சி வேணுமா? இங்க பாருங்க.” அமலம்மாள் வெளுத்த இடத்தின் நடுவில் ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் காட்டினாள். “அன்னிக்குச் சோறு வடிக்கறப்ப கொதிக்கிற சட்டி இவ கையில ஒட்டிக்கிட்டு இருக்கு. நான்தான் பார்த்துட்டு அலறினேன். இவ எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அவ்வளவு குளிர்ச்சி!”

லாரன்ஸ் சிரிப்பதை நிறுத்தினான். கேத்தரினின் கையை மெல்லப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான்.

“இது எப்பலேர்ந்து இருக்கு தங்கச்சி?”

“மாவு பூச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே லேசா...”

“சும்மா இருடி! வியாபாரத்தையே கெடுத்துடுவா போல,” என்று அமலம்மாள் அதட்டினாள்.

லாரன்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. “கண்ணை மூடிக்க தங்கச்சி. நான் தொட்டதும் சொல்லு.”

“பாத்தீங்களா, டிரஸ்ஸரே சோதிச்சுப் பார்க்கிறார்!” அமலம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. “சில்லுன்னு இருக்குன்னு சத்தமா சொல்லு பிள்ளே, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

கேத்தரின் கண்களை இறுக மூடிக்கொண்டாள். கட்டுப் போடுவதற்கென்று சட்டையில் எப்போதும் செருகியிருக்கும் ஊசியை லாரன்ஸ் எடுத்தான். அமலம்மாள் தடுக்கக் கை நீட்டுவதற்குள் ஊசியின் முனை வெளுத்த தோலில் இறங்கியது. சிவப்பாக ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அமலம்மாளின் கையிலிருந்த மாவுக் கட்டு நழுவித் தரையில் சிந்தியது. லாரன்ஸ் தினமும் படகேறிப் போகும் ஆசுபத்திரி எந்தத் தீவில் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குஷ்டரோகம் கண்டவர்களைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைக்கிற ஜெரஜா தீவு.

கேத்தரின் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நீட்டிய கையோடு, சிரித்தபடியே கேட்டாள்:

“எப்ப அண்ணே தொடுவீங்க?”