வால்சக்கரத்துக்கு வந்த சொகுசு

காட்டாற்று மணலிலும் கூழாங்கல்லிலும் இறங்கும் குட்டி விமானம் ஒன்றின் வாலடியில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. இறங்கும்போதெல்லாம் அது தன்னைத் தாங்கிய பழைய ஸ்பிரிங் பட்டையைத் திட்டும்.

"கல்லுக்குக் கல் என்னை உதறுகிறாயே, இரக்கமே இல்லையா?"

"என்னால் முடிந்தது இவ்வளவுதான்," என்றது பட்டை.

வால் அதிர்வதைக் கவனித்த விமானி ரெஜினா, பட்டையைக் கழற்றிவிட்டுப் அதிர்வை உறிஞ்சும் புதிய ஷாக் அப்சார்பரைப் பொருத்தினாள். வால்சக்கரம் மெத்தையில் உருள்வதுபோல் உருண்டது. முன்பெல்லாம் வட்டமிட்டு, தரையைப் பார்த்துவிட்டு இறங்கியவள், இப்போது நினைத்த இடத்தில் இறங்கினாள்.

"முன்பு நீ அதிர்ந்ததால் அவள் பயந்து மெதுவாக இறங்கினாள், தம்பி. இப்போது அந்தப் பயம் போய்விட்டது. எனக்கோ இன்னும் அதே பழைய கால்தான்," என்றது முன்சக்கரங்களில் ஒன்று.

"நன்றாகத்தானே போகிறது, அக்கா," என்றது வால்சக்கரம்.

ஒரு மத்தியானம், புல்லுக்குள் பாறை மறைந்திருந்த வெளியில் விமானம் இறங்கியது. அந்த முன்சக்கரம் பாறையில் மோதி, அதன் கால் முறிந்து, விமானத்தின் மூக்கு மண்ணில் குத்தியது. ரெஜினா ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வால்சக்கரம் ஒரு கீறல்கூட இல்லாமல் உயரத்தில் தொங்கியது.

"அக்கா," என்று கூப்பிட்டது.

கீழிருந்து பதில் வரவில்லை.