மேசைக்கடியில்

பியர்பொன்ட்ஸ் என்ற வெளிநாட்டுப் புறநகரில், வீட்டுப் பின்வளவில் மத்தியான வெயில் கேக்கின் ஐசிங்கை இளக்குகிறது. பேரின்பநாதனின் பேரனுக்கு இன்று ஒரு வயது. காகிதத் தொப்பியோடு உயரக் கதிரையில் இருக்கிறான். அவன் தாய் அஜந்தா இதே வயதில்தான் யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்குத் தப்பினாள். "பொம்மர் வரேக்க அப்பாதான் என்னைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள குதிச்சவர்" என்று விருந்தினருக்குச் சொல்கிறாள். ஒவ்வொரு பிறந்தநாளிலும் சொல்லும் கதை. கேக் வெட்டும் கத்தியோடு பக்கத்தில் நிற்கும் பேரின்பநாதன் தலை நிமிரவில்லை.

விமானக் கண்காட்சிக்கு வந்த நான்கு ஜெட்டுகள் கூரைகளை உரசுவதுபோல் தாழப் பறக்கின்றன. பிள்ளைகள் கைபேசிகளை உயர்த்திக் கூவுகிறார்கள். சத்தம் தேய்ந்தபோது கத்தி புல்லில் கிடக்கிறது. பேரின்பநாதன் மேசைக்கடியில் குப்புறக் கிடக்கிறார், இரண்டு கைகளும் தன் தலைமேல். மேலே பேரன் வீரிட்டு அழுகிறான். அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு நிற்பவள் அவர் மனைவி செல்வமலர். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னும் குழந்தை அஜந்தாவோடு பங்கருக்கு வெளியே நின்றவள் அவள்தான். பங்கர்க் கதையை முதலில் சொன்னவளும் அவள்தான். அஜந்தா பிள்ளையைப் பார்க்கிறாள். பிறகு மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகப்பனின் கால்களைப் பார்க்கிறாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிகிறது. "அப்பா?"

"மோதிரம் விழுந்திட்டுது பிள்ளை, தேடுறார்" என்கிறாள் செல்வமலர், குரல் கொஞ்சமும் பிசகாமல்.

பேரின்பநாதன் புல்லைத் துழாவத் தொடங்குகிறார், மோதிரம் இறுகிக் கிடக்கும் அதே கையால்.