மஞ்சள் கேசோ

கிண்ணத்தின் விளிம்பில் வழிந்ததை மரிசேலா மறுபடியும் துடைத்தாள். மாமியார் எர்மீனியா எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சிவாவாவிலிருந்து டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்கு வந்து ஒரு வாரமாகிறது. சின்ன மகன் வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவதா வேண்டாமா என்று இன்று சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிடுவதாகப் பேச்சு.

"என்ன இது?" சிப்ஸின் நுனியால் மஞ்சள் குழம்பைத் தொட்டுப் பார்த்தார் எர்மீனியா. ஓய்வு பெற்ற ஸ்பானிஷ் ஆசிரியை.

"கேசோ, அத்தை."

"இதுவா கேசோ? கேசோன்னா சீஸ்! லத்தீன்லேர்ந்து வந்த, மானமுள்ள வார்த்தை. எங்க ஊர்ல மொளகாயை நெறையப் போட்டு, சீஸை உருக்கி, 'சிலே கோன் கேசோ'ன்னு சொல்லுவோம். சீஸ் போட்ட மொளகான்னு அர்த்தம். டெக்சாஸ்காரங்க நீங்க மொளகாயை முழுங்கினீங்க, பேர்ல பாதியையும் முழுங்கினீங்க. மிச்சமிருந்த சீஸையாவது விட்டு வெச்சீங்களா?"

மகன் ரமீரோ மனைவியைப் பார்த்தான். "நல்ல வெள்ளை சீஸ் வாங்கி வெச்சிருந்தேனே மரிசேலா. காலைலகூட ஞாபகப்படுத்தினேன்."

"மறந்துட்டேன்." மரிசேலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறப்பாடா, ஏன் மறக்கமாட்டா? டப்பாவைப் பிரிச்சு, சீஸ்னு பேர் வெச்ச மஞ்சக் கட்டியைப் பாத்திரத்துல போட்டா சமையல் முடிஞ்சுது. நூலா இழுக்குதா பாரு இது? சுவத்துக்குப் பூசுற பெயின்ட்டு!"

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, அத்தை?"

எர்மீனியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மிச்சக் காலத்தைப் பெயின்ட்டு தின்னு கழிக்க என்னால ஆகாது. ரமீரோ, காரை எடு. ஹூஸ்டன் பஸ்ல ஏத்தி விடு. பெரியவன் வீட்டுல இருந்துக்கறேன்."

"ஒரு கிண்ணத்துக்காகவாம்மா இவ்வளவு கோபம்?"

"கிண்ணமாடா அது? உன் குடும்பத்தோட லட்சணம்!"

ரமீரோ கெஞ்சிக்கொண்டே பெட்டியைத் தூக்கிப்போனான். கார் தெருமுனை தாண்டும்வரை மரிசேலா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

பிறகு உள்ளே வந்து, ஹூஸ்டனில் இருக்கும் மூத்த மருமகள் யோலாண்டாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இங்க பலிச்சிருச்சு. பஸ் வந்து சேர்றதுக்குள்ள நீயும் ஒரு மஞ்சக் கட்டி வாங்கி வெச்சுடு!"