ஞாபகம் வரும்வரை

"இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் மேனேஜர். போன மாதம் வரை அவளை 'மேடம்' என்று கூப்பிட்டவர்.

அவள் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு போனில் கேட்டாள். "என்னங்க, அந்த பாஸ்வேர்டு..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூக்கில் குழாயோடு கிடந்த கணவன் காதில் நர்ஸ் போனைப் பிடித்திருந்தாள். அவன் இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினான்.

மேனேஜர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நோய்க்குப் பயந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த நேரத்தில், எவனோ நெட் வழியாக உள்ளே நுழைந்து கம்பெனி கம்ப்யூட்டர்களை மொத்தமாகப் பூட்டிவிட்டான். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கும் பாஸ்வேர்டு, அந்தக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட அவள் கணவன் ஒருவனுக்குத்தான் தெரியும். "எழுதி வச்சா திருடிடுவான் சார். தலைக்குள்ள இருக்கறதை எவன் எடுப்பான்?" என்று மீட்டிங்குக்கு மீட்டிங் பெருமையடித்தவன்.

அதனால்தான் அந்த மூச்சு மெஷினே கிடைத்தது. ஊரே ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தபோது, முதலாளி யார் யாருக்கோ போன் போட்டு இதை வாங்கிக் கொடுத்தார்.

பாஸ்வேர்டைச் சொன்ன மறுநிமிடம் மெஷின் வேறு கட்டிலுக்குப் போய்விடும். இது அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. முதல் நாளே அவன் காதில் போட்டுவிட்டாள். "யார் கேட்டாலும் மறந்துடுச்சுன்னே சொல்லுங்க. நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

வீட்டில் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷன், இங்கே வெளுத்து வாங்கினான். நேற்று மேனேஜரைக் காட்டி, "இவர் யாரு?" என்று கேட்டான். பள்ளிக்கூடம் மூடி மாதக்கணக்காகிறது, "பாப்பா ஸ்கூலுக்குக் கிளம்பிட்டாளா?" என்றான். அவளுக்கு அத்தனை துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

மேனேஜரின் போன் அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பியவரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"முதலாளி கெடு வச்சிட்டார் அண்ணி. இப்பவே சொன்னா பெரிய ஆஸ்பத்திரியில பெட் தயார், கீழ ஆம்புலன்ஸ் நிக்குது. இல்லைன்னா கம்பெனியை இழுத்து மூடறாராம். நாளையிலேர்ந்து இந்த மெஷினும் கிடையாது."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"அங்க கொண்டு போனாத்தான் பிழைப்பார்னு சொல்றார்."

"கொஞ்சம் தள்ளிப் போங்க. நான் தனியாப் பேசறேன்."

அவர் வராந்தாவின் கோடிக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு போனை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். பத்து நாளாக அடக்கிவைத்த குரல் பொங்கி வந்தது.

"போதுங்க, நடிச்சது போதும். நாம ஜெயிச்சிட்டோம். இப்ப சொல்லிடுங்க."

அவன் கண்ணாடி வழியாக அவளையே பார்த்தான்.

"நான் நடிக்கவே இல்லம்மா."