ஐந்து அப்பம், இரண்டு மீன்

பந்தலின் நீலம் ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் விழுந்து, உள்ளே கிடக்கும் நாவலாசிரியரின் முகத்தில் படிந்திருக்கிறது. சுடுகாட்டுக்கா, கல்லறைத் தோட்டத்துக்கா என்று முடிவாகாமல் காசிமேட்டுத் தெருவே வெயிலில் காத்து நிற்கிறது. ஞானஸ்நானம் வாங்கிய அவருடைய தம்பி கையில் என் கட்டுரை வந்த பத்திரிகை; அதில் என் படம் சிரிக்கிறது. நாவலாசிரியரின் கதைகளில் வந்த, பைபிளில் உள்ள ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்தே அவரை ரகசியக் கிறிஸ்தவ விசுவாசி என்று நிறுவியிருந்தேன்.

“எழுதுனவரே வந்துகீறாரு,” என்று தம்பி என்னை முன்னால் இழுக்கிறார்.

பெட்டியருகே உட்கார்ந்திருக்கும் நாவலாசிரியரின் மனைவி ராமசெல்வி நிமிர்ந்து பார்க்கிறார். “முப்பது வருசம் கூட இருந்தேன். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல. உங்களாண்ட எப்ப சார் சொன்னாரு?”

பெட்டிக் கண்ணாடிக்குள் குனிந்து பார்க்கிறேன். அவரை நான் நேரில் பார்ப்பதே இதுதான் முதல் தடவை.