சோபாவுக்குப் பின்னால் இருவர்

பொம்மை தன் கழுத்தையே நெரித்துக்கொண்டது.

"கட்! கட்!" டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "நெரிக்க வேண்டியது மாமாவோட கழுத்தைய்யா! அதோட கழுத்தை இல்ல!"

சோபாவில் மாமா வேடத்தில் உட்கார்ந்திருந்த குண்டண்ணன், பிதுக்கி வைத்திருந்த கண்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நான் காலையிலேர்ந்து சாகத் தயாரா இருக்கேன் சார். கொல்றதுக்குத்தான் ஆளைக் காணோம்."

ஆள் இல்லாமல் இல்லை. சோபாவுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள், பொம்மையை ஆட்டும் புருஷனும் பெண்டாட்டியும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பொம்மையின் தலை அவன் பொறுப்பு. கைகள் அவள் பொறுப்பு. தலை முன்னால் குனிந்தால்தான் கை மாமாவை எட்டும். குனியாவிட்டால், நீட்டிய கை மடங்கித் தன் கழுத்துக்கே திரும்பி வரும்.

"வேணும்னே பண்றாரு," என்று அவள் பல்லைக் கடித்தாள்.

முதல் பாகத்தில் இப்படியா இருந்தது? வீட்டுக்குள் சண்டை போடுகிறவர்களைத் தேடித் தேடிக் கொல்லும் பொம்மை. ஜனங்கள் பயந்ததைவிட விழுந்து விழுந்து சிரித்ததுதான் அதிகம். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. வெற்றி விழாவில் கையில் மைக் வந்ததும் அவள் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நடிப்பெல்லாம் தலையிலதான் சார் இருக்கு. கையை யார் வேணும்னாலும் ஆட்டலாம். ஒரு மோட்டார் போதும்."

தயாரிப்பாளர் உடனே மோட்டார் வாங்கிவிட்டார். அவள் உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் பாகம் தொடங்கிய கையோடு மோட்டார் படுத்துக்கொண்டது. டைரக்டரே வண்டி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்க முகத்துக்காக வர்றேன் சார். மோட்டார் சரியானதும் கிளம்பிடுவேன். வேற யார் முகத்தையும் நான் பார்க்க மாட்டேன்."

வந்ததும் பொம்மையின் முகத்தைத்தான் பார்த்தாள். வயிறு எரிந்தது. இரட்டைச் சடையில் ஒன்றில்தான் ரிப்பன். இன்னொன்றில் ஏதோ சிவப்பு ஒயரைச் சுற்றிவிட்டிருந்தது. 'ஒரு ரிப்பன் தேடிக் கட்டத் துப்பில்லை. இதில் நடிப்பெல்லாம் தலையில் இருக்காம், தலையில்!'

"ரெடியா?" என்று டைரக்டர் கத்தினார்.

அவள் துணிக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "குண்டண்ணே, தலையை நேரத்துக்குக் குனியச் சொல்லுங்க."

"யார்கிட்ட தங்கச்சி சொல்லணும்?"

"தலைக்காரர்கிட்ட."

"தம்பி, குனியணுமாம்ப்பா."

"சொன்னாத்தானேண்ணே குனிய முடியும்?"

"டைரக்டர் 'ஆக்‌ஷன்'னு தொண்டை கிழியக் கத்துறாரே, அது காதுல விழலையாமா?"

"அவர் கத்துறதுக்கெல்லாம் நான் எப்பண்ணே குனிஞ்சிருக்கேன்? நான் எதுக்குக் குனிவேன்னு அவளுக்குத் தெரியும்."

குண்டண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "சார், இது சண்டைக்காரங்களைக் கொல்ற பொம்மைதானே? தப்பான பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு. அப்படியே பின்னால திருப்பி விடுங்க, வேலை முடிஞ்சிடும்!"

செட்டே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

அவன் சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரியும். துணிக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவள்தான் கால் கட்டைவிரலால் அவன் பாதத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டியதும் தலை குனியும், கை பாயும். முதல் பாகம் முழுக்க ஓடியது அந்த ஒரு தட்டில்தான்.

காலையிலிருந்து அவள் காலை மடக்கியே வைத்திருந்தாள். இப்போதுதான் கீழே பார்த்தாள். அவன் பாதம் அவள் பக்கமாக நீண்டு, காத்துக்கொண்டு கிடந்தது.

'வேலைக்காகத்தான்,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஆக்‌ஷன்!"

தட்டினாள்.

பொம்மை பாய்ந்த பாய்ச்சலில் குண்டண்ணன் வசனத்தை மறந்து, "ஐயோ அம்மா!" என்று நிஜமாகவே அலறினார்.

"ஓகே! ஓகே!" டைரக்டர் தரையில் கிடந்த தொப்பியை எடுத்து முத்தம் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

இருவரும் துணியை விலக்கி எழுந்து நிற்பதற்குள், எலக்ட்ரீஷியன் மோட்டாரோடு ஓடி வந்தார்.

"சார், கண்டுபிடிச்சிட்டேன்! மோட்டார் நல்லாத்தான் இருக்கு. உள்ளே இருந்த ஒயரை யாரோ உருவிட்டாங்க. அது மட்டும் கிடைச்சா இப்பவே ஓட விட்டுடலாம்!"

டைரக்டர் அவளைப் பார்த்தார். "அப்ப நீ கிளம்பணும்னா கிளம்பலாம்மா. நான் சொன்ன சொல் மாற மாட்டேன்."

கிளம்பலாம் என்ற வார்த்தை ஏன் இப்படிச் சுருக்கென்று குத்துகிறது என்று அவளுக்கே புரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டாள்.

"என்ன ஒயர்ண்ணே?"

"சிவப்பு ஒயரும்மா. இத்தனூண்டு." அவர் விரலை விரித்துக் காட்டினார்.

அவள் மெல்லத் திரும்பினாள். அவள் புருஷன் பொம்மையின் ஷூவில் இல்லாத தூசியை ரொம்ப அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்து கிடந்தன.

அவன் கையிலிருந்து பொம்மையை வாங்கி, குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சடையை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடினாள்.

"சிவப்பு ஒயரா? என் கண்ணுல எதுவும் படலையேண்ணே," என்றவள், டைரக்டர் பக்கம் திரும்பினாள். "சார், நாளைக்கு வண்டியை அண்ணன் வீட்டுக்கு அனுப்பாதீங்க. எங்க வீட்டுக்கே அனுப்புங்க."