ஐந்து சொட்டு

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

சாம்பிராணித் தைலம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இரண்டு மாதம் வரும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். அதில் ஐந்து சொட்டுத் தைலம். கொதிநீர் கொட்டிய இடத்தில், வலது தோளிலிருந்து நடு முதுகுவரை, தினமும் பத்து நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். புண் ஆறிவிட்டது. ஆறிய தோல்தான் இறுகிக்கொண்டே வருகிறது. தேய்க்காமல் விட்டால் கையைத் தூக்க முடியாமல் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இதுவரை தங்கை தவமணி தேய்த்துவிட்டாள். அவளிடமும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் தேய்க்கச் சொல்வாள் இவள்.

இன்று காலை பஸ்ஸில் தவமணி ஊருக்குப் போய்விட்டாள்.

அந்த முதுகைக் கணவன் இன்னும் பார்த்ததில்லை.

போன வாரமே அவன் கேட்டான். "தவமணி போனப்புறம் நான் தேச்சு விடட்டா?"

"உங்க கையா? உப்புத்தாளு மாதிரி இருக்கு. மிச்சத் தோலும் உரிஞ்சு போயிரும்."

தவமணி சிரித்தாள். அவனும் சிரித்தான். கொத்தனார் கை. பத்தொன்பது வருடச் சிமெண்ட்.

வேறு என்ன சொல்லியிருப்பாள்? பார்க்காதே என்றா?

இடது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துப் பார்த்தாள். விரல் நுனி எட்டவில்லை.

வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம்.

அவன் உள்ளே வருவதற்கு முன் அந்தத் தைல வாசனை வந்தது.

அவன் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். வெடிப்புகளின் ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்களா எடுத்தது?"

"தினமும் காலையில ஒருவாட்டி, வேலைவிட்டு வந்ததும் ஒருவாட்டி. கொஞ்சம் மெத்துன்னு ஆயிருக்கா, பாரு."

"எண்ணெயில கலந்தீங்களா?"

"கலக்கணுமா?"

அவள் ஒரு வெடிப்பின் ஓரத்தை விரலால் தொட்டாள்.

"எரியலையா?"

"எரிஞ்சுச்சு. மருந்துன்னா எரியத்தானே செய்யும்."

திட்டத்தான் வாயெடுத்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.

கரண்டியில் தேங்காய் எண்ணெயை ஊற்றினாள். ஐந்து சொட்டுத் தைலம் எண்ணி விட்டாள். அவன் உள்ளங்கையில் சாய்த்தாள்.

"ரெண்டு கையையும் தேய்ங்க. சூடாகட்டும்."

தேய்த்தான். சரசரவென்று கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னும் ஒரு வாரம் ஆவும் போல," என்றான், கையைப் பார்த்தபடியே.

அவள் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

விளக்கைப் போட்டாள்.